புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு: உங்கள் வார்ப்பை அறிந்து நம்பிக்கையைச் சம்பாதிக்கும் வழி

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் ஆறு வருடம் புடவை செக்‌ஷனில் விற்பனைப் பெண்ணாக நின்றேன். அப்புறம் அதே மாடிக்கு ஃப்ளோர் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். முந்தின நாள் வரை என் பக்கத்தில் நின்று புடவை மடித்த பெண்கள், மறுநாள் என் முன்னால் வந்து தயங்கித் தயங்கி ‘அக்கா, லீவு வேணும்’ என்று கேட்டார்கள். பட்டுக்கும் ஆர்ட் சில்க்குக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டு. இதற்கு என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

இப்போது எங்கள் கடையில் புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்களை முதல் மூன்று மாதம் என்னோடு விடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். ஓ.எம்.ஆர். கம்பெனியில் டீம் லீட் ஆனவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் பொறுப்பு ஏற்றவர், குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனவர் என்று யாருக்கும் இது உதவும். வேலை வேறாக இருக்கலாம். பொறுப்பில் இருப்பவர் உள்ளே வந்ததும் பேச்சு சட்டென்று நின்றுபோவதை எல்லா இடத்திலும் பார்க்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் நல்லவர் என்று தெரிந்தால் மட்டும் ஆட்கள் உங்களை நம்பிவிடமாட்டார்கள். உங்களுடைய மோசமான நாளில் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாதவரை தினமும் காலையில் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கு எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று முடிவு செய்வார்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றுக்காகத்தான்.

முதல் படி: உங்கள் வார்ப்பு எது?

கார்ல் யூங் என்ற சுவிஸ் மனநல மருத்துவர் 1921-இல் மனித வகைகளைப் பற்றி விரிவாக எழுதினார். ‘அவர் உள்முகமானவர், இவர் வெளிமுகமானவர்’ என்று இன்று சாதாரணமாகப் பேசுகிறோமே, அந்தப் பேச்சு பரவியது அவரால்தான். எல்லா நாட்டுக் கதைகளிலும் திரும்பத் திரும்ப வருகிற உருவங்கள் உண்டு என்றும் அவர் சொன்னார்: தாய், வீரன், ஞானமுள்ள கிழவர், குறும்புக்காரன். தமிழில் இவற்றைத் தொல்படிமங்கள் என்கிறார்கள். ஒருவர் இவற்றில் எந்த உருவம் மாதிரி நடந்துகொள்கிறார் என்பதை நான் ‘வார்ப்பு’ என்று சொல்லிக்கொடுப்பேன். யூங் சொன்னதில் எனக்கு மிகவும் உதவியது ‘நிழல்’ என்ற கருத்து. நம்மிடம் இருந்தும், ‘இது என்னுடைய குணம் இல்லை’ என்று நாம் ஒதுக்கிவைக்கும் பகுதி அது. பொறுப்பில் இருப்பவரின் நிழல் அவரைத் தவிர மற்ற எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

எங்கள் மாடிக்கு வந்து போன சூப்பர்வைசர்களை வைத்து நானாக ஐந்து வார்ப்புகள் பிரித்து வைத்திருக்கிறேன். இது அறிவியல் அட்டவணை கிடையாது, பேசுவதற்கு ஒரு வசதி. ஒருவருக்குள் இரண்டு மூன்று கலந்தும் இருக்கும்.

தளபதி: கூட்டம் திரண்டு வந்தால் முன்னால் போய் நிற்பார். முடிவெடுக்கத் தயங்கமாட்டார். ஆடித் தள்ளுபடி நேரத்தில் இப்படி ஒருவர் இல்லாமல் மாடி ஓடாது. ஆனால் நாளாக ஆக எல்லாவற்றுக்கும் அவர் வாயிலிருந்து உத்தரவு வர வேண்டும் என்று ஆகிவிடும். அவர் சாப்பிடப் போனால் வேலை அப்படியே நிற்கும். ஏதாவது தப்பு நடந்தால் ‘யார் செஞ்சது?’ என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதுதான் அவருடைய நிழல். ஆரோக்கியமான தளபதி எப்படி இருப்பார் என்பதற்கு, நம் ஊருக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்த ஒன்றைச் சொல்வேன். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் ஏவல் தோற்றுக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்து தோல்விக்குப் பதில் சொன்னவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த வருடம் ஜூலை 18-இல் ஏவல் வெற்றி பெற்றது. அன்றைக்குப் பத்திரிகையாளர்களிடம் பேசும்படி தவான் கலாமிடம் சொல்லிவிட்டார். இதைக் கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தளபதி வார்ப்பு உள்ளவர் தன் பலத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அடி விழும்போது முன்னால், மாலை விழும்போது பின்னால்.

பெரியக்கா அல்லது பெரியண்ணன்: இது என் வார்ப்பு. யார் சாப்பிட்டார்கள், யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் என்ன பிரச்சினை என்று எல்லாம் தெரியும். ஊரை விட்டு வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்களுக்கு இப்படி ஒரு ஆள் தேவை. நிழல் என்னவென்றால், யாருக்கும் ‘முடியாது’ என்று சொல்ல வராது. சூப்பர்வைசர் ஆன முதல் வருடம், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் தன் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு லீவு கேட்டாள். ‘போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கிறேன்’ என்று சொல்லிவிட்டேன். லீவு அட்டவணையைப் பார்க்கவே இல்லை. அந்த வாரம் ஏற்கெனவே நாலு பேர் விடுப்பு. மேலே இருந்து முடியாது என்று சொன்னார்கள். அதை அவளிடம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எப்படியாவது சரிசெய்துவிடலாம் என்று இழுத்து இழுத்து, ரயிலுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் சொன்னேன். அவள் அழவில்லை. ‘சரிக்கா’ என்றாள். அதற்குப் பிறகும் அதே ‘சரிக்கா’தான், எல்லாவற்றுக்கும். நாலு மாதம் கழித்து ஸ்டாக் எடுத்தபோது 11 புடவை குறைந்தது. ஒரு கட்டு தப்பாக வேறு மாடிக்கு ஏறியதை அவள் அன்றைக்கே பார்த்திருக்கிறாள். என்னிடம் சொல்லத் தோன்றவில்லை. என் பாசம் அவளுக்குத் தெரியும். என் வார்த்தையைத்தான் அவளால் நம்ப முடியவில்லை.

வாத்தியார்: பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். இவரிடம் வேலை கற்றவர்கள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் வாடிக்கையாளர் முன்னாலேயே திருத்துவார். அந்த ஒன்றை விட்டுவிட்டால் போதும்.

கணக்குப்பிள்ளை: முறைப்படி நடப்பவர். யாருக்கும் சலுகை கிடையாது, யாருக்கும் அநியாயமும் கிடையாது. இவரைப் பெரும்பாலும் குறைத்து மதிப்பிடுகிறோம். விடுமுறை, இன்சென்டிவ், ஷிப்ட் மாற்றம் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் செய்பவர் மேல் ஆட்கள் வைக்கும் நம்பிக்கை, சிரித்துப் பேசுபவர் மேல் வைப்பதைவிட உறுதியாக நிற்கும். ஆனால் எண்ணிக்கை குறைந்தால் உடனே சந்தேகப்படுவார். ‘நேத்து 40 பில், இன்னிக்கு 25, ஏன்?’ என்று கேட்பார். அந்தப் பெண்ணுக்கு முதுகு வலி என்பது அவருடைய அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் வராது.

கலகலப்பானவர்: இவர் இருக்கும் மாடியில் நேரம் போவதே தெரியாது. கஷ்டமான பேச்சு வந்தால் மட்டும் நழுவிவிடுவார்.

சரி, உங்களுடையது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாமே நம்மைப் பார்த்துச் சொன்னால் பலத்தை மட்டும்தான் சொல்வோம். அதனால் வீட்டில் ஒருவரிடமும் வேலையில் ஒருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘எனக்கு நெருக்கடி வந்தா நான் முதல்ல என்ன செய்றேன்?’ சத்தம் போடுவீர்களா, பேசாமல் போய்விடுவீர்களா, எல்லா வேலையையும் நீங்களே இழுத்துப்போட்டுக்கொள்வீர்களா, கணக்குப் புத்தகத்தை எடுப்பீர்களா? இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது மறுத்துப் பேச வேண்டாம். என் மகளிடம் கேட்டபோது ‘நீ சரின்னு சொல்லிட்டு அப்புறம் மறந்துடுவம்மா’ என்றாள். கடையில் கேட்டபோது அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள்.

இரண்டாவது படி: மற்றவர்களுக்கு முத்திரை குத்தாதீர்கள்

வார்ப்புகளைப் பற்றித் தெரிந்துகொண்டதும் எல்லோரும் செய்கிற தவறு, மறுநாளே கடையில் இருக்கும் 20 பேரையும் பெட்டி பெட்டியாகப் பிரிப்பதுதான். கொஞ்சம் நில்லுங்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒவ்வொருவர் கையிலும் ‘உங்கள் குண விவரம்’ என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதில் இருந்த வரிகளில் பெரும்பாலானவற்றை ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். ராசிபலன் நமக்கு மட்டும் எழுதிய மாதிரி ஏன் தோன்றுகிறது என்று இதைப் படித்தபோது புரிந்தது.

16 வகையாகப் பிரிக்கும் பிரபலமான தேர்விலும், சில வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் பலருக்கு வேறு வகை வந்துவிடுகிறது. உளவியலாளர்கள் இப்போது அதிகம் நம்புவது ஐந்து பண்புகளின் அளவைத்தான்: புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்ச்சி, வெளிமுகத்தன்மை, இணக்கம், மனக்கலக்கம். அதில் பெட்டி இல்லை. தராசு மாதிரி கூடக் குறைய இருக்கும், பெரும்பாலோர் நடுவில் எங்கோ நிற்போம்.

முத்திரை குத்துவதால் வரும் கேட்டை நான் ஒருவரிடம் பார்த்தேன். வேட்டி செக்‌ஷனில் ஒரு அண்ணன். வயதில் என்னைவிடப் பெரியவர். நான் கூப்பிட்டால் பாதி நேரம் திரும்பமாட்டார். ஒரு பெண் சொல்லி நாம் கேட்பதா என்ற திமிர் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். அதற்கேற்ற மாதிரிதான் பேசினேன், அதற்கேற்ற மாதிரிதான் அவரும் ஒதுங்கினார். இரண்டு வருடம் அப்படியே போயிற்று. ஒரு நாள் அவர் மனைவி கடைக்கு வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார், அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காது கேட்காது என்று. அவருடைய கவுண்டருக்கு நான் எப்போதும் படிக்கட்டுப் பக்கமிருந்து வருவேன். அது அவருக்கு இடது பக்கம். மறுநாளிலிருந்து வலது பக்கமாகப் போய் நின்று பேசினேன். வருடா வருடம் வரும் வாடிக்கையாளர்களில் யாருக்கு எந்தக் கரை பிடிக்கும் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. இரண்டு வருடம் அதை நான் கேட்டதே இல்லை. இப்போது நினைத்தாலும் மனது கனக்கிறது.

அதனால் ஆட்களைப் பற்றிக் குறிப்பு எழுதும்போது குணத்தை எழுதாதீர்கள், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். ‘சோம்பேறி’ என்பது முத்திரை. ‘மூன்று மணிக்கு மேல் வேகம் குறைகிறது’ என்பது பார்த்தது. முத்திரையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பார்த்ததை வைத்து, மூன்று மணிக்குச் சாப்பாட்டு நேரத்தை மாற்றிப் பார்க்கலாம்.

மூன்றாவது படி: முதல் பத்து நாளில் எல்லோரிடமும் தனியாகப் பேசுங்கள்

ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். கடை திறப்பதற்கு முன்னால் நல்ல நேரம். ரங்கநாதன் தெருவில் ஷட்டர் தூக்கும் சத்தம் மட்டும் இருக்கும், மாம்பலம் ஸ்டேஷன் பக்கமிருந்து ஆட்கள் அப்போதுதான் வர ஆரம்பிப்பார்கள். உங்கள் மேஜைக்கு வரச் சொல்லாமல் அவர்களுடைய கவுண்டருக்கு நீங்கள் போங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள், ஒருவரையும் விடாதீர்கள். இருவரிடம் மட்டும் பேசினால் அந்த இருவரும் உங்கள் ஆட்கள் என்று சாயங்காலத்துக்குள் பேச்சாகிவிடும்.

நான் கேட்பவை: இந்த வேலையில் உங்களுக்கு எது நன்றாக வரும்? எது தினமும் தொல்லை கொடுக்கிறது? தப்பு நடந்தால் உங்களிடம் எப்படிச் சொல்ல வேண்டும், உடனேயா, அப்புறம் தனியாகவா? இதற்கு முன் இருந்த சூப்பர்வைசர் செய்ததில் எதை நான் தொடர வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்வியில் போனவரைக் குறை சொல்ல வழி இல்லை, கவனித்தீர்களா? போனவரைப் பற்றி உங்களிடம் குறை பேச விட்டால், நாளைக்குத் தங்களைப் பற்றியும் இன்னொருவர் குறை பேச இப்படித்தான் விடுவீர்கள் என்று அவர்களே உங்களை நம்பமாட்டார்கள்.

பிறகு உங்களைப் பற்றி ஒன்று சொல்லுங்கள். முதல் படியில் எழுதி வைத்தீர்களே, அதை. ‘எனக்கு இல்லைன்னு சொல்ல வராது. அதனால நான் சரின்னு சொன்னாலும், நோட்டுல எழுதுறேனான்னு பாருங்க. எழுதலைன்னா திரும்பக் கேளுங்க.’ நான் இப்படித்தான் சொல்கிறேன். முதலில் எல்லோரும் சும்மா தலையாட்டுவார்கள். இரண்டாவது மாதத்தில் ஒருத்தி ‘அக்கா, எழுதலையே’ என்று கேட்பாள். அன்றைக்கு உங்களுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்க வேண்டும், அது முகத்திலும் தெரிய வேண்டும்.

நான்காவது படி: எது குறைகிறது என்று பிரித்துப் பாருங்கள்

‘என் டீம் என்னை நம்பமாட்டேங்குது’ என்று புதியவர்கள் வந்து சொல்வார்கள். எதை நம்பவில்லை என்று கேட்பேன். மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1995-இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவரை நம்பும்போது மூன்று விஷயத்தைப் பார்க்கிறோம்: இவருக்கு வேலை தெரியுமா, நம் நன்மையை நினைப்பவரா, சொன்னபடி நடப்பவரா. திறமை, நல்லெண்ணம், நேர்மை.

மூன்றில் எது இல்லை என்று தெரியாமல் மருந்து போட்டால் பலிக்காது. லீவு விஷயத்தில் என்னிடம் நல்லெண்ணம் இருந்தது, சொன்னபடி நடப்பது இல்லை. அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் ரெண்டு வேளை சாப்பாடு வாங்கிக் கொடுத்திருந்தாலும் அது சரியாகியிருக்காது. கணக்குப்பிள்ளை வார்ப்புக்காரருக்கு நேர்மை இருக்கும், நல்லெண்ணம் வெளியே தெரியாது. அவர் செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது: எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன்னால் ‘உடம்பு எப்படி இருக்கு?’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். வேறு பிரிவிலிருந்து மாற்றலாகி வருகிறவர்களுக்குத் திறமைதான் கேள்விக்குறி. குழந்தைகள் துணி செக்‌ஷனிலிருந்து பட்டுக்கு வந்தால் முதல் மாதம் மூத்த விற்பனையாளர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள், எல்லோரும் பார்க்கும்படியாகவே. தெரிந்த மாதிரி நடிப்பது ஒரு வாரத்தில் வெளியே வந்துவிடும்.

சொன்னபடி நடப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே கருவி ஒரு சின்ன நோட்டு. யாருக்கு, என்ன, எந்தத் தேதிக்குள் என்று மூன்று பத்தி. இரவு கடை மூடும்போது பார்ப்பேன். முடியாததை அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுவேன். முடியாது என்ற செய்தி சீக்கிரம் போனால் அவர்களுக்கு வேறு வழி தேட நேரம் கிடைக்கும். ரயில் டிக்கெட்டை ரத்து செய்யலாம், அப்பாவிடம் பேசலாம், இன்னொருத்தியோடு ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாம்.

ஐந்தாவது படி: கெட்ட செய்தி உங்களிடம் வர வழி செய்யுங்கள்

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அந்தக் குழுக்களில்தான் தவறுகள் அதிகமாக இருந்தன. பிறகுதான் புரிந்தது, அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, தவறை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் சொல்லப் பயந்தார்கள்.

என் மாடியில் ஒரு மாதம் ஒரு டேமேஜும் பதிவாகவில்லை என்றால் எனக்குச் சந்தோஷம் வராது. ஆயிரக்கணக்கான புடவையை விரித்து மடிக்கும் இடத்தில் ஊக்கு பட்டுக் கிழிவதும், லிப்ஸ்டிக் கறை படுவதும் நடக்கத்தான் செய்யும். பதிவாகவில்லை என்றால், கிழிந்த புடவை எங்கோ அடுக்கின் அடியில் இருக்கிறது.

ஒருவர் வந்து ‘அக்கா, பட்டுல இழை இழுத்துடுச்சு’ என்று சொல்லும்போது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம்தான் அடுத்த ஒரு வருடத்தை முடிவு செய்கிறது. அதைத் தயாராக வைத்திருங்கள். நான் சொல்வது: ‘நல்லவேளை சொன்னீங்க. எந்தப் பீஸ், காட்டுங்க.’ எப்படி நடந்தது என்பதை அப்புறம் கேட்கலாம். கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. அதே தவறு மூன்றாவது முறை நடந்தால் தனியாக உட்காரவைத்துக் கண்டிப்பாகப் பேசத்தான் வேண்டும். சுற்றி நிற்பவர்கள் அதையும் கவனிக்கிறார்கள். தப்பே செய்யாதவள் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருத்தியை மட்டும் விட்டுக்கொண்டே போனால், ஒழுங்காக இருப்பவளின் நம்பிக்கை போய்விடும்.

ஆறாவது படி: நீங்கள் முதலில் உட்காருங்கள்

இது எங்கள் தொழிலில் பெரிய விஷயம். கடை ஊழியர்கள் நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் நிலைமையை மாற்ற, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் உட்கார இருக்கை வசதி தர வேண்டும் என்று அது சொல்கிறது. கேரளத்தில் 2018-இலேயே வந்துவிட்டது.

எங்கள் மாடிக்கு ஸ்டூல் வந்தது. வரிசையாகப் போட்டோம். ஒருவரும் உட்காரவில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட ஸ்டூல் பக்கத்தில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். ‘உட்காருங்க, பரவாயில்ல’ என்று சொன்னேன். சிரித்தார்கள், உட்காரவில்லை. மூன்றாவது நாள் மதியம் நானே போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கத்தில் நின்ற மூத்த பெண்ணை இழுத்து உட்காரவைத்துக்கொண்டு லீவு அட்டவணை எழுத ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து மேலதிகாரி ஒருவர் மாடிக்கு வந்தார். எனக்கும் உள்ளுக்குள் எழுந்துவிடலாமா என்று இருந்தது. எழுந்திருக்கவில்லை. அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். அன்று சாயங்காலம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

நம் ஊருக்கு இதில் பழைய வரலாறு இருக்கிறது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகக் காரணமான குறைகளில், பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை போதாமல் இருந்ததும் ஒன்று. தொழிலாளர்கள் சொன்னதை, அன்னி பெசன்ட்டோடு வேலை செய்த பி.பி. வாடியா காதுகொடுத்துக் கேட்டார், சங்கத்தின் முதல் தலைவரும் ஆனார். சம்பளம் பெரிய விஷயம்தான். ஆனால் சாப்பிட நேரம், உட்கார இடம், பாத்ரூம் போக அனுமதி, இவற்றை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதை வைத்துத்தான் ஆட்கள் உங்களை எடைபோடுகிறார்கள். புதிதாக வந்தவர் முதல் வாரத்திலேயே பார்க்க வேண்டியது விற்பனைக் கணக்கை இல்லை, இந்த மூன்றையும்.

ஏழாவது படி: உங்கள் குணத்தால் தீர்க்கக் கூடாதவை

சில விஷயங்களில் உங்கள் வார்ப்பு எதுவாக இருந்தாலும் ஒதுக்கிவைக்க வேண்டும். ஒரு பெண் பாலியல் தொந்தரவு பற்றிச் சொன்னால், பெரியக்கா ‘நான் பேசி முடிக்கிறேன்’ என்பாள், தளபதி அந்த ஆளைச் சட்டையைப் பிடிப்பார், கலகலப்பானவர் ‘அவன் விளையாட்டா சொல்லியிருப்பான்’ என்பார். மூன்றும் தவறு. 2013-ஆம் வருடச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். புகார் கொடுக்கச் சாதாரணமாக மூன்று மாத காலம் உண்டு. உங்கள் இடத்தில் குழுவில் யார் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். சொல்லும் பெண்ணைக் குறுக்கிடாமல் கேளுங்கள், குழுவுக்கு எப்படி எழுதுவது என்று காட்டுங்கள், வேறு யாரிடமும் பேசாதீர்கள்.

அதே மாதிரி, யாராவது வாழ்வே பிடிக்கவில்லை என்கிற அளவுக்குப் பேசினால் அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் கூட இருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். சென்னையில் ‘ஸ்நேகா’ அமைப்பு 1986-லிருந்து இதற்காகவே இருக்கிறது. அவரோடு உட்கார்ந்து நீங்களே போன் போட்டுக் கொடுங்கள்.

எட்டாவது படி: நம்பிக்கை உடைந்தால்

உடையும். எல்லோருக்கும் ஒரு முறையாவது உடையும். தென்காசிப் பெண் விஷயத்தில் நான் ஸ்டாக் குறைந்த பிறகுதான் விழித்துக்கொண்டேன். அவளைக் கூப்பிட்டு, ‘உன் தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு லீவு தரேன்னு சொன்னது நான். அட்டவணையப் பாக்காம சொன்னேன். முடியாதுன்னு தெரிஞ்சும் பத்து நாள் உங்கிட்ட சொல்லல. அது என் தப்பு’ என்றேன். ‘உனக்கு வருத்தமா இருந்திருந்தா மன்னிச்சுக்கோ’ என்று சொல்லாதீர்கள். அவளுடைய வருத்தத்தில் தப்பு இல்லை, உங்கள் செயலில்தான் இருக்கிறது. ‘மேனேஜர்தான் விடலை’ என்று இன்னொருவர் மேல் போடாதீர்கள். இனி என்ன மாற்றப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நோட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

அவள் உடனே மாறிவிடவில்லை. மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. தங்கை கல்யாணத்துக்கு லீவு தேதியை அவள் கண் முன்னால் நோட்டில் எழுதி, மேலே அனுமதி வாங்கி, மூன்று மாதம் முன்னாலேயே தாளில் கையெழுத்தோடு கொடுத்தேன். கல்யாணம் முடிந்து வந்தவள் ஒரு டப்பா அதிரசம் கொண்டுவந்தாள். அடுத்த வாரம், ‘அக்கா, பில்லிங்ல ஒரு பார்கோடு தப்பா வருது, பாருங்க’ என்று தானாக வந்து சொன்னாள்.

மூன்று மாதம் முடிந்ததும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கெட்ட செய்தி அன்றைக்கே வருகிறதா? உங்கள் முடிவை யாராவது முகத்துக்கு நேரே மறுத்துப் பேசினார்களா? நீங்கள் உள்ளே வந்த பிறகும் சிரிப்புத் தொடர்கிறதா? இல்லை என்றால் நான்காவது படிக்குத் திரும்பிப் போங்கள்.

கடைசிப் படி: மோசமான நாளுக்கு முன்கூட்டியே ஏற்பாடு

எங்கள் தொழிலில் அந்த நாள் எது என்று எல்லோருக்கும் தெரியும், தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. உஸ்மான் ரோட்டிலிருந்து மாடி வரை ஆள் நெருக்கம், பில்லிங்கில் வரிசை படிக்கட்டு வரை, ஏ.சி. போட்டும் வேர்க்கும். உங்கள் வேலையில் அது மார்ச் 31 ஆக இருக்கலாம், ரிலீஸ் நாளாக இருக்கலாம். அந்த நாளில் நிழல் வெளியே வந்தே தீரும். வராமல் தடுப்பதைவிட, வந்தால் என்ன செய்வது என்று டீமோடு முன்னாலேயே பேசி வைப்பது நடக்கிற காரியம்.

நாங்கள் அதற்கு ஒரு வாரம் முன்னால், கடை மூடிய பிறகு கால் மணி நேரம் உட்காருவோம். யார் எந்த முடிவை என்னைக் கேட்காமல் எடுக்கலாம் என்று பிரித்துக்கொள்வோம். மாற்றித் தருவது மூத்த விற்பனையாளர் கையில், டேமேஜ் தள்ளுபடி இவ்வளவு வரை இன்னொருவர் கையில். யார் எப்போது சாப்பிடப் போவது என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம், என் பெயரும் அதில் இருக்கும். அப்புறம் நான் சொல்வேன்: ‘கூட்டம் ஏறினா நான் கேக்குறவங்களுக்கெல்லாம் சரி சரின்னு சொல்ல ஆரம்பிச்சுடுவேன். வாடிக்கையாளருக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு, மேல ஒண்ணு. அதைப் பாத்தா என்னை நிறுத்துங்க.’ எப்படி நிறுத்துவது என்பதையும் முடிவு செய்துவிடுவோம். எல்லோர் முன்னாலும் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். அதனால் ஒரு பாட்டிலை நீட்டி ‘அக்கா, தண்ணி’ என்றால் போதும். நான் வாங்கிக் குடித்துவிட்டு, கடைசியாக யாருக்கு என்ன சொன்னேன் என்று நோட்டைத் திறந்து பார்க்க வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

போன தீபாவளிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் மூன்று முறை தண்ணீர் வந்தது. மூன்றாவது முறை கொண்டுவந்தவள் வேலையில் சேர்ந்து ஐந்தே வாரம் ஆன பெண்.